காவிரிக் கரையில் கச்சேரியும் நாடகமும்: நேரில் கேட்க வருகிறவர்களின் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கம் திருவிழா சமயத்தில் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கோயில்களைப் பார்ப்பதற்கு வழிகாட்டிகள் நிறைய இருக்கின்றன. அந்தக் கோயில் வாசலில் நின்று கேட்பதற்கு எனக்குத் தெரிந்து யாரும் எழுதவில்லை. பதில்களில் என் விருப்பு வெறுப்பும் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் போனிலேயே கிடைக்கிறது. எதற்காக நேரில் வர வேண்டும்?

பதிவுகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். அவருடைய தோடி ராகத்தை இன்றைக்கும் நாம் கேட்கிறோம் என்றால் அது இசைத்தட்டின் புண்ணியம். ஆனால் பதிவில் இருப்பது முடிந்துபோன வாசிப்பு. நீங்கள் கண்ணீர் விட்டாலும் சரி, பாதியில் எழுந்து போனாலும் சரி, அதில் ஒரு ஸ்வரம் மாறாது.

நேரில் அப்படி இல்லை. முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவர் சரியான இடத்தில் "ஆகா" என்று சொல்லிவிட்டால் வித்வான் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார். இன்னொரு வழியாக அங்கேயே திரும்பி வருவார், மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடிப்பார். கூட்டம் கவனிக்கவில்லை என்று தெரிந்தால் அதே வித்வான் ராகத்தைச் சுருக்கிவிட்டு, கேட்டுப் பழகிய பாட்டு ஒன்றை எடுத்துவிடுவார். அன்றைக்கு என்ன வாசிப்பு அமைகிறது என்பதில் கேட்கிறவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை எடுத்துக்கொள்வதில்தான் சந்தோஷமே இருக்கிறது. சும்மா கேட்டுவிட்டு வருவதற்குப் போன் போதும்.

எனக்கு ராகம், தாளம் எதுவும் தெரியாது. வரலாமா?

தாராளமாக வரலாம். எங்கள் ஊர்களில் நாதஸ்வரத்தை நுணுக்கமாகக் கேட்டவர்களில் பலர் பாட்டு வாத்தியாரிடம் ஒரு நாள்கூட உட்காராதவர்கள். நாற்று விட்டுவிட்டு வந்து மதில் ஓரமாக நின்று கேட்டுப் பழகியவர்கள். ராகத்தின் பேர் தெரியாது. ஆனால் போன வருஷம் இதே வீதியில் இதே ராகம் இதைவிட நன்றாக வந்தது என்று சொல்லத் தெரியும். ஆரம்பத்தில் ஒன்று செய்யுங்கள். ராகம் என்ன என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பேர் தெரிந்த உடனே காது வேலையை நிறுத்திவிடுகிறது.

முதன்முதலாக எதைக் கேட்கலாம்? சபா கச்சேரியா, திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையா, நாட்டியமா?

மூன்றும் வேண்டாம். ஏதாவது ஒரு கோயில் பிரம்மோற்சவத்தில் சுவாமி புறப்பாட்டுக்குப் போய் நாதஸ்வரம் கேளுங்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

இந்த மண்ணில் பிறந்து, இந்த வீதிகளின் அளவுக்கே வளர்ந்த வாத்தியம் அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கும்பல், வெட்டவெளி, வேட்டுச் சத்தம் எல்லாவற்றையும் தாண்டி நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே அமைந்த குரல். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து செய்கிறார்கள். பழைய கட்டடங்களிலிருந்து கழற்றிய, பல வருஷம் காய்ந்து இறுகிய மரத்தைத் தேடி வாங்குவார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முன்பு எல்லோரும் வாசித்தது குட்டையாக, சுருதி தூக்கலாக இருக்கும் திமிரி. நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை ராஜரத்தினம் பிள்ளைக்காகச் செய்து கொடுத்தவர் அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி. இன்றைக்குக் கச்சேரிகளில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது அந்தப் பாரிதான். ஊதுகிற இடத்தில் செருகியிருக்கும் சீவாளி ஆற்றங்கரை நாணலில் செய்வது. வித்வான் வாசிப்புக்கு நடுவே அதை வாயில் வைத்து ஈரப்படுத்துவதும், மாற்றுவதும், ஊசியால் சரிசெய்வதும் பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

புறப்பாட்டில் முதலில் வருவது மல்லாரி. கம்பீர நாட்டை ராகம், சாகித்யம், அதாவது பாட்டு வரிகள், கிடையாது. சுவாமி தோளேறிக் கிளம்பும்போது தவிலோடு சேர்ந்து எழும்பும். பாட்டு என்றே தோன்றாது, ஏதோ பெரிய கதவு திறக்கிற மாதிரி இருக்கும். ஒரே மல்லாரியை மூன்று காலங்களில், அதாவது மூன்று வேகங்களில், வாசிப்பார்கள். வேகம் இரட்டிக்கும்போது பல்லக்குத் தூக்குகிறவர்களின் கால்கூட மாறுவதைக் கவனியுங்கள். அப்புறம் வீதியில் ராகம். ஒரு முனையிலிருந்து அடுத்த முனை வரைக்கும் ஒரே ராகம் நீளலாம். சுவாமி நிற்பார், கூட்டம் நிற்கும், வித்வான் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார், ஐந்தடி நகரும், மறுபடி நிற்கும். திரும்பிக் கோயிலுக்குள் வந்து பள்ளியறைக்குப் போகும்போது நீலாம்பரி, ஆனந்த பைரவி மாதிரித் தாலாட்டுச் சாயலில் ஏதாவது வரும். மேடைக் கச்சேரியில் இரண்டரை மணி நேரத்தில் கிடைக்காத ஒன்று இதில் இருக்கிறது. இசைக்கு ஒரு காரணம் இருக்கிறது, போக வேண்டிய இடம் இருக்கிறது.

கல்யாணத்தில் நிறையக் கேட்டாயிற்றே. அதுதானே இது?

வாத்தியம் அதே. கல்யாண மண்டபத்தில் யாரும் கேட்பதில்லை. பத்திரிகையில் "நாதஸ்வர இன்னிசை" என்று வித்வான் பேரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, அவர் கரகரப்பிரியாவை விரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று போட்டோகிராபர் "கொஞ்சம் நகருங்க" என்பார். கெட்டி மேளத்துக்காக மட்டும் அவர்களைக் கூப்பிட்டுவிட்டு நாதஸ்வரம் கேட்டோம் என்று கணக்கு எழுதக் கூடாது.

தவில் சத்தம் காதைப் பிளக்கிறதே?

தூரம் தப்பாக இருக்கும். பத்துப் பதினைந்தடி தள்ளி, தவிலுக்கு நேர் எதிராக இல்லாமல் பக்கவாட்டில் நில்லுங்கள். வலது கை விரல்களில் கெட்டியான கூடு மாட்டியிருப்பார்கள், இடது கையில் குச்சி. இரண்டும் இரண்டு மொழி பேசும். நாச்சியார்கோவில் ராகவப் பிள்ளை, வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை, ஹரித்துவாரமங்கலம் பழனிவேல் என்று தவில் மேதைகளின் பேரோடு ஒட்டியிருக்கும் ஊர்கள் எல்லாம் பஸ்ஸில் போகும்போது நீங்கள் தாண்டிப் போகும் ஊர்கள்தான். நாதஸ்வரம் ராகம் வாசிக்கும்போது தவில்காரர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பெரிய வித்வானாக இருந்தால் பாதி நேரம் அடிக்கவே மாட்டார். அடிக்காமல் விடுகிற இடத்தில்தான் அவர் யார் என்று தெரியும்.

சத்தம் உண்மையிலேயே தாங்க முடியவில்லை என்றால் குற்றம் பெரும்பாலும் ஒலிபெருக்கியுடையது. திறந்த வீதியில், இயல்பாகவே ஊர் முழுக்கக் கேட்கும் வாத்தியத்துக்கு எதிரே மைக்கை நீட்டிக் குழாய் வழியாக ஊதுவது என்ன நியாயமோ! அந்த மாதிரி இடமாக இருந்தால் குழாயை விட்டு விலகி சுவாமிக்கு முன்னால் போய்விடுங்கள்.

திருவையாறு ஆராதனைக்கு எப்போது வர வேண்டும்? உட்கார இடம் கிடைக்குமா?

தியாகராஜர் காலமானது 1847 ஜனவரி 6ஆம் தேதி, புஷ்ய பகுள பஞ்சமி. அந்தத் திதியை ஒட்டித்தான் விழா. பெரும்பாலும் ஜனவரியில் வரும், சில வருஷம் நாள் முன்பின் ஆகும், பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர், பஸ் நிறைய.

எல்லோரும் பார்க்க வருவது பஞ்சமி காலையில் நடக்கும் பஞ்சரத்ன கீர்த்தனைகளை. ஒன்பது மணி வாக்கில் ஆரம்பிக்கும் என்றால் ஏழு மணிக்குப் பந்தலில் இருப்பது நல்லது. கொஞ்சம் முன்னாலேயே வந்தால் தியாகராஜர் வாழ்ந்த வீட்டிலிருந்து சமாதிக்கு உஞ்சவிருத்தி பஜனை (வீதியில் பாடிக்கொண்டே பிச்சை ஏற்பது) வருவதையும் பார்க்கலாம். பந்தலில் நாற்காலி கிடையாது. மணல் தரையில் துணி விரிப்பு. நடுவில் ஒரு வழி விட்டு இரண்டு பக்கமும் வித்வான்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதலில் புல்லாங்குழல்காரர்கள் சேர்ந்து 'சேதுலாரா' வாசிப்பார்கள். அப்புறம் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகம், ஐந்து கீர்த்தனை, ஒரே மூச்சாக. நூற்றுக்கணக்கான குரல், வயலின், மிருதங்கம் எல்லாம் சேர்ந்து வரும்.

நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன். சங்கீதமாக மட்டும் எடைபோட்டால் அது அப்படி ஒன்றும் சுத்தமாக இருக்காது. இத்தனை பேர் பாடினால் சுருதி அங்கங்கே பிசகும், தொலைக்காட்சி கேமரா ஒரு பக்கம் மறைக்கும். ஆனால் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிரபலத்தின் குரலுக்கும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பென்ஷன்காரரின் குரலுக்கும் அங்கே ஒரே மதிப்பு. அதற்காகத்தான் போக வேண்டும். நல்ல சங்கீதம் வேண்டும் என்றால் மற்ற நாட்களில், மதியமும் இரவும் போங்கள். ஒவ்வொருவருக்கும் சில நிமிஷமே கிடைக்கும் என்பதால் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். ஒருவர் முடித்து இறங்குவதற்குள் அடுத்தவர் தம்புராவை மீட்டிக்கொண்டிருப்பார். பேர் கேள்விப்படாத ஒரு பெண் வந்து பத்தே நிமிஷத்தில் ஒரு வராளி பாடிவிட்டுப் போவாள், பந்தலே நிமிர்ந்து உட்காரும்.

அந்தச் சமாதிக் கோயில் நிற்பதற்குக் காரணம் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற ஒரு பாடகி. தன் சொத்தை விற்று 1920களில் கட்டியவர். அவர் கட்டிய இடத்தில் பெண்கள் பாடக் கூடாது என்று ஆண்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அவர் பெண்களைச் சேர்த்துத் தனிக் கட்சியாகவே ஆராதனை நடத்தினார். பிற்பாடுதான் எல்லோரும் ஒன்றானார்கள். 1952இல் காலமான அவருக்கும் அங்கேயே, தியாகராஜரைப் பார்த்தபடி ஒரு சிலை இருக்கிறது. கூட்டத்தில் அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

நானும் கூடவே பாடலாமா?

பஞ்சரத்னத்தின்போது பாடலாம், அதற்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். தனிக் கச்சேரியில் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. உங்களுக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பாதிப் பாட்டு தெலுங்கில் இருக்கிறது. புரியாமல் எப்படி ரசிப்பது?

நியாயமான கேள்வி. "இசைக்கு மொழி இல்லை" என்று தட்டிக்கழிக்க மாட்டேன். பொருள் தெரிந்தால் கூடுதல் சுகம்தான். போவதற்கு முன்னால் ஒரு கீர்த்தனையின் பொருளை மட்டும் படித்துவிட்டுப் போங்கள், போதும்.

ஆனால் தமிழ் வேண்டும் என்றால் இந்தப் பக்கத்தில் தமிழுக்குப் பஞ்சமே இல்லை. சீர்காழியில் முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, இராம நாடகம் எழுதிய அருணாசலக் கவிராயர் என்று மூன்று பேர், தியாகராஜருக்கு முன்பே. மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஆனதாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரப் பாட்டுகளை இன்றைக்கும் கதாகாலட்சேபத்தில் கேட்கலாம். கோயிலில் ஓதுவார் ஒருவர் மாலை நேரத்தில் தனியாக நின்று தேவாரம் பாடுவார். பக்கவாத்தியம் இருக்காது, கூட்டமும் இருக்காது. தட்டில் விழும் காசைத் தவிர வேறு சன்மானமும் இருக்காது. தரிசனம் முடித்துக்கொண்டு ஓடாமல் அந்த ஒரு பதிகம் முடியும் வரைக்கும் நில்லுங்கள்.

மெலட்டூர் பாகவத மேளா என்று கேள்விப்பட்டோம். அது நாடகமா, நாட்டியமா?

இரண்டும், கூடவே பூஜையும். தஞ்சாவூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டரில் மெலட்டூர். நாயக்க மன்னர் அச்சுதப்பர் குடியமர்த்திய ஊர். அங்கே வரதராஜப் பெருமாள் கோயில் தெருவில், நரசிம்ம ஜயந்தியை ஒட்டி, ஏறக்குறைய மே மாதத்தில் ராத்திரி முழுக்க நடக்கும். மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்கில் எழுதிய நாடகங்கள். பிரகலாத சரித்திரம்தான் தலையானது. உஷா பரிணயம், ஹரிச்சந்திரா என்று வேறும் உண்டு. சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர் மாதிரிச் சில ஊர்களிலும் இந்த மரபு உண்டு.

எல்லா வேஷமும் ஆண்கள்தான் கட்டுவார்கள். நடிக்கிறவர்கள் அந்த ஊர்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், பலர் வெளியூரில் வேலை பார்க்கிறவர்கள். வருஷம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்துவிட்டு லீவு போட்டுக்கொண்டு வந்து வேஷம் கட்டுவார்கள். முதலில் கோணங்கி என்ற கோமாளி குதித்துக்கொண்டு வருவான். அப்புறம் ஒரு சின்னப் பையன் யானை முகம் மாட்டிக்கொண்டு விநாயகராக வருவான். ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று ஒரு பிரவேசப் பாட்டோடு, திரை விலகி, ஆடிக்கொண்டு நுழைவதே ஒரு அழகு. பிரகலாதன் அம்மா லீலாவதியாக வருகிற ஆண் மகனுக்காக அழுகிறபோது, வருகிறது ஆண் என்பது உங்களுக்கு மறந்துபோயிருக்கும்.

நரசிம்மர் வருவதற்குள் கிழக்கு வெளுக்க ஆரம்பித்துவிடும். அந்த முகமூடி சாதாரண நாடகச் சாமான் இல்லை. கோயிலில் வைத்துப் பூஜை செய்வது. அதை அணிகிறவர் விரதம் இருப்பார். மாட்டிய பிறகு அவருக்கு ஆவேசம் வந்துவிடும் என்பதால் இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டே நிற்பார்கள். இரணியனும் நரசிம்மரும் எதிரெதிரே நிற்கும் அந்த நேரத்தில் மேடையில் என்ன நடக்கிறது, தெருவில் என்ன நடக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டிகள் எல்லாம் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

ராத்திரி முழுக்க விழித்திருக்க முடியாதே?

யார் விழித்திருக்கச் சொன்னது? ஒரு ஜமுக்காளம், ஒரு போர்வை கொண்டு வாருங்கள். சலிக்கும்போது படுத்துக்கொள்ளுங்கள், முக்கியமான கட்டம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் எழுப்புவார். காலங்காலமாக அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். அரைத் தூக்கத்தில் காதில் விழும் பாட்டுதான் அப்புறம் பல வருஷத்துக்கு மனசில் நிற்கிறது. காலை ஒன்பது மணிக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டுக்கொண்டு மட்டும் வராதீர்கள்.

பக்தி இல்லாத நாடகம் ஏதாவது உண்டா? கொஞ்சம் சிரிக்க வேண்டும்.

அப்படியானால் பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத் திருவிழாவில் நடக்கும் வள்ளி திருமணம் பாருங்கள். முருகன் கதைதானே என்று நினைக்காதீர்கள், அதைவிடச் சிரிப்பு வேறு எதிலும் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதியது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியக்காரர் ஒரு ஊர். புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்திலிருந்து தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. சில சமயம் அன்றைக்குச் சாயங்காலம் ஒப்பனை போடும் இடத்தில்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதால் மேடை ஏறிவிட்டால் கதை நடக்கும்.

முன்னிரவு பபூனுக்கு. உள்ளூர்ச் சங்கதி எல்லாம் அவர் வாயில் வரும். ஊர்ப் பிரசிடெண்டு, குறுவைக்குத் தண்ணீர் வராதது, டாஸ்மாக், எதுவும் தப்பாது. சில இடத்தில் பேச்சு கொச்சையாகப் போகும், சொல்லிவிடுகிறேன். நள்ளிரவுக்கு மேல் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம். இதுதான் உயிர். கல்யாணம் தேவையா, துறவு பெரிதா, ஆண் உசத்தியா, பெண் உசத்தியா என்று கேள்வியும் பதிலும் பாட்டும் வசனமுமாக இரண்டு மணி நேரம்கூடப் போகும். பாடத்தைத் தாண்டி இருவரும் சொந்தமாகவே எடுத்துவிடுவார்கள். மடக்கிக் கேட்டுவிட்டால் கூட்டத்திலிருந்து விசில் பறக்கும், யாராவது மேடையேறி ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்திவிட்டு வருவார். இரண்டு பேரும் அன்றைக்குத்தான் சந்தித்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்த வேகம் இன்னும் ஆச்சரியமாக இருக்கும்.

சினிமா வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் நாடகத்துக்கு எத்தனை மோகம் இருந்தது என்பதற்கு ஒரு பேர் போதும்: கும்பகோணம் பாலாமணி அம்மாள். பெண்கள் மட்டுமே நடித்த கம்பெனியை நடத்தியவர். அவருடைய நாடகம் பார்க்கக் கும்பகோணத்துக்குத் தனி ரயிலே விட்டார்கள் என்றும், அதற்குப் பாலாமணி ஸ்பெஷல் என்று பேர் என்றும் சொல்வார்கள். மாயவரத்தில் 1910இல் பிறந்த தியாகராஜ பாகவதரும் நாடக மேடையில் பாடிப் பேர் வாங்கிவிட்டுத்தான் சினிமாவுக்குப் போனார்.

கைதட்டுவது எப்போது?

பாட்டு முடிந்ததும் தட்டலாம். நடுவில் நல்ல இடம் வந்தால் வாயால் சொல்லுங்கள். "பலே", "ஆகா", "அடடா" எதுவானாலும் சரி, மெதுவாக. தாளம் தெரியாவிட்டால் தொடையில் தட்ட வேண்டாம். தப்பான தாளம் மிருதங்கக்காரர் கண்ணில் பட்டால் அவருக்குத்தான் சங்கடம்.

இன்னொன்று. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கூட்டம் கூட்டமாக எழுந்து காபிக்குப் போகும் வழக்கம் பட்டணத்தில் மட்டும் இல்லை, இங்கேயும் வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் பாடகருக்காகவே வாசித்த மனிதருக்கு அன்றைக்குக் கிடைப்பது அந்தப் பத்து நிமிஷம். காபி ஆறிப்போகாது, உட்காருங்கள்.

குழந்தைகளை அழைத்து வரலாமா? பாட்டிக்கு முட்டிவலி, தரையில் உட்கார மாட்டார்.

புறப்பாட்டுக்கும் கிராம நாடகத்துக்கும் கண்டிப்பாகக் குழந்தைகளோடு வாருங்கள். ஓடலாம், பஞ்சுமிட்டாய் தின்னலாம், தூங்கலாம், யாரும் முறைக்க மாட்டார்கள். நாட்டியாஞ்சலியும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். சிவராத்திரியை ஒட்டிச் சிதம்பரத்தில் 1981இல் ஆரம்பித்தது, இப்போது தஞ்சாவூர், மயிலாடுதுறை, கும்பகோணம் என்று பல ஊரில் நடக்கிறது. மூடிய அரங்கத்துக் கச்சேரிக்கு நாலு வயசுக் குழந்தையைக் கூட்டி வந்து "உஷ்" என்று அதட்டிக்கொண்டிருப்பது குழந்தைக்கும் தண்டனை, பக்கத்தில் இருப்பவருக்கும் தண்டனை.

பாட்டிக்கு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்து வாருங்கள், ஓரமாகப் போட்டுக்கொள்ளலாம். மெலட்டூர் மாதிரி இடத்தில் எந்த வீட்டில் கேட்டாலும் திண்ணை உண்டு.

டிக்கெட் எவ்வளவு?

மேலே சொன்ன எதற்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் யாரோ கொடுக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். கிராம நாடகத்துக்குத் தலைக்கட்டு வரி, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்று, போட்டு வசூலிப்பார்கள். கோயில் மேளத்துக்கு உபயதாரர் இருப்பார். வெளியூரிலிருந்து வந்து இலவசமாகக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் நன்கொடைச் சீட்டு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

இந்த ஒரு வட்டாரத்தில் மட்டும் ஏன் இத்தனை கலைஞர்கள்?

நெல்தான் காரணம் என்பது என் கட்சி. தண்ணீர் வந்தது, நெல் விளைந்தது, உபரியைக் கோயில் வாங்கிக்கொண்டது, கோயில் அதைக் கலைஞருக்குக் கொடுத்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, ராஜராஜன் குடியமர்த்தி வீடும் நெல்லும் கொடுத்தது கல்வெட்டிலேயே இருக்கிறது. அதே கோயிலில் வைகாசித் திருவிழாவில் ராஜராஜேசுவர நாடகம் ஆடுவதற்காக ஒரு சாந்திக்கூத்தனுக்கு வருஷத்துக்கு 120 கலம் நெல் என்று பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு இன்னொன்று சொல்கிறது. தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் ஒரே திருவாரூரில், அடுத்தடுத்துப் பிறந்ததை வேறு எப்படி விளக்குவது? பரதநாட்டியக் கச்சேரியை அலாரிப்பில் ஆரம்பித்துத் தில்லானாவில் முடியும் இன்றைய வரிசையில் அமைத்த பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சை நால்வரும் இந்த மண்ணுக்காரர்கள்தான்.

இதில் பெருமை மட்டும் பேச முடியாது. நெல் கொடுத்தவர்கள் மரியாதையையும் சேர்த்துக் கொடுக்கவில்லை. நாதஸ்வரக்காரர் சட்டை போடக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது என்று மிராசுகள் சொன்ன காலம் ரொம்ப தூரத்தில் இல்லை. ராஜரத்தினம் பிள்ளை குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்துக்கொண்டு, ஷெர்வானி போட்டுக்கொண்டு வாசித்ததை அலங்கார மோகம் என்று பார்க்கக் கூடாது. அது ஒரு சண்டை.

வாசிப்பு முடிந்ததும் வித்வானிடம் போய்ப் பேசலாமா?

அவசியம் பேசுங்கள். "ஐயா" என்று கூப்பிட்டால் யாருக்கும் பொருந்தும். உள்ளூர் இளைஞர்கள் "அண்ணே" என்பார்கள். "சூப்பர்" என்று சொல்லிக் கைகுலுக்கிவிட்டு செல்பி எடுப்பதற்குப் பதிலாக எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். "மேல வீதி திரும்பும்போது வாசிச்சீங்களே" என்று சொன்னால் போதும், ராகப் பேர் வேண்டாம். அவர் முகம் மாறும். அப்புறம் அவரே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்.

வீடியோ எடுக்கலாமா என்றும் அப்போதே கேட்பார்கள். ஒரு நிமிஷம் எடுத்துவிட்டு உள்ளே வைத்துவிடுங்கள். பின்னால் நிற்கிறவருக்கு உங்கள் போன் மட்டும்தான் தெரிகிறது.

வருஷத்தில் எந்த மாதம் வந்தால் நல்லது?

ஒரே தடவைதான் வர முடியும் என்றால் பங்குனி, சித்திரை, வைகாசி. சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடக்கும், கையில் காசு இருக்கும், அதனால் ஊருக்கு ஊர் திருவிழா. வெயில் கொளுத்தும், ஆனால் விஷயம் எல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான். மேட்டூர் அணையை ஜூன் 12 வாக்கில் திறந்துவிட்டால் ஊர் வயலுக்குப் போய்விடும். ஐப்பசியில் சதயத்தன்று தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனுக்குச் சதய விழா, மயிலாடுதுறையில் துலா உற்சவம். இரண்டுக்கும் குடை அவசியம். மார்கழியில் பெரிய பேர்கள் எல்லாம் சென்னையில் இருப்பார்கள், தை பிறந்ததும் திருவையாற்றுக்கு இறங்குவார்கள்.

மழை வந்தால்?

சுவாமி மண்டபத்தில் ஒதுங்குவார், கூடவே மேளமும் ஒதுங்கும். கல் மண்டபத்துக்குள் நாதஸ்வரம் கேட்பது தனி அனுபவம், நகராமல் அங்கேயே இருங்கள்.

தனியாக, அதுவும் பெண்கள், ராத்திரி நேரத்தில் வரலாமா?

பெரிய திருவிழாக்களில் கூட்டமும் போலீசும் இருக்கும், பெண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆராதனை, நாட்டியாஞ்சலி இரண்டுக்கும் தனியாகவே வரும் பெண்கள் உண்டு. கிராம நாடகத்துக்கு மட்டும் அந்த ஊர்க்காரர் யாரோடாவது வருவது நல்லது. இடம் கண்டுபிடிப்பதும் சுலபம், சாப்பாடும் கிடைக்கும். தங்குவதற்குத் தஞ்சாவூரோ கும்பகோணமோ வைத்துக்கொள்ளுங்கள். டவுன் பஸ் ராத்திரி சீக்கிரமே நின்றுவிடும். போகும்போதே ஆட்டோக்காரர் நம்பரை வாங்கி, திரும்புகிற நேரத்தையும் பேசிவிடுங்கள். அந்த நேரம் கண்டிப்பாகத் தள்ளிப்போகும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.